சோதனை நம்மிடம், பேச்சு பிறரிடம்

மாலை ஆறரைக்கு மேல் எங்கள் மாணவர் பராமரிப்பு நிலையத்தின் கதவு ஓயாமல் திறந்து மூடும். சிங்கப்பூரில், வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்ன நிலையம். பள்ளி விட்டு ஒன்றரை மணிவாக்கில் வரும் தொடக்கநிலைப் பிள்ளைகள் ஏழு மணி வரை எங்களிடம் இருப்பார்கள். சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம், கொஞ்சம் விளையாட்டு, நிறையச் சண்டை. அழைத்துப்போக வரும் அம்மாவோ அப்பாவோ வாசலில் நின்றபடி கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் எங்களைப் பார்த்துத்தான் வரும்: “ஹோம்வொர்க் முடிச்சிட்டானா டீச்சர்?” அடுத்தது பிள்ளையைப் பார்த்து: “ஸ்பெல்லிங் எத்தனை?”

சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களைப் பற்றி நான் இங்கே அதிகம் எழுதுவதற்குக் காரணம், லிஃப்ட் வரை அவர்கள் பேசிக்கொண்டு போவது எனக்குப் புரிகிறது என்பதுதான்.

அந்தப் பிள்ளைக்கு அன்று மத்தியானம் முன்பல் விழுந்திருக்கும். டிஷ்யூவில் சுற்றிப் பையில் வைத்திருக்கும். பக்கத்து நாற்காலியில் உட்காரும் தோழி இடம் மாறிப் போயிருப்பாள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வந்திருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும், சமையல் ஆன்ட்டிக்குத் தெரியும். பிள்ளைக்குச் சொல்லத் தோன்றிய நேரத்தில் எதிரில் இருந்தது நாங்கள். ஏழு மணிக்குள் அந்தச் செய்தி பழசாகிவிடும். பல் விழுந்த கதையை ஒரே நாளில் இரண்டு முறை அதே ஆவலோடு சொல்லும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. அம்மா பல்லைப் பார்ப்பார், நாளை காலை. கதை எங்களோடு போயிற்று.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து என்னை உறுத்துவது இதுதான். பெற்றோர் பிள்ளைகள்மீது அக்கறை இல்லாமல் இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சிங்கப்பூரில் அக்கறைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அக்கறையை எந்த வேலையில் செலவழிக்கிறோம் என்று பார்த்தால், பேச்சை வெளியே கொடுத்துவிட்டுச் சோதனையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளையின் கதை கேட்பது பராமரிப்பு நிலையம், பணிப்பெண், பாட்டி. நாம் ஆபீசிலிருந்து வந்து மார்க், கையெழுத்து, திருத்தம், நாளைக்கு என்ன டெஸ்ட் என்று பார்க்கிறோம். இதை மாற்றிச் செய்தால் தேவலை என்பது என் கட்சி. வீட்டுப்பாடத்தைச் சரிபார்க்க ஆள் கிடைக்கும், காசுக்குக்கூடக் கிடைக்கும்.

ஏன் இப்படி ஆனோம் என்பதற்கு எங்கள் தலைமுறை கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும். அன்றைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீயின் 1979 கல்வி அறிக்கைக்குப் பிறகு பள்ளிகளில் தரம் பிரிப்பது வந்தது. நான் படித்த தொண்ணூறுகளில் தொடக்கநிலை நான்கு முடிந்ததும் இஎம்1, இஎம்2, இஎம்3 என்று பிரிப்பார்கள், இஎம்3 கடைசி. பத்து வயது. எங்கள் புளோக்கில் ஒரு பையனை அறிமுகப்படுத்தும்போதே “அது இஎம்3” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. அந்த முறை 2008இல் போய்விட்டது. அந்தப் பையன் இப்போது நன்றாகத்தான் இருக்கிறான், சொந்தமாக ஏர்கான் சர்வீஸ் தொழில். ஆனால் அன்று அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்று பெற்றோர்.

கல்வி அமைச்சு அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்திருக்கிறது. தொடக்கநிலை ஒன்று, இரண்டுக்கு 2019 முதல் தேர்வு கிடையாது. தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில், பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் போட்ட டி-ஸ்கோர் 2021இல் போய் அடைவுநிலை வந்தது. அரையாண்டுத் தேர்வு 2023க்குள் எல்லா நிலைகளிலும் எடுக்கப்பட்டது. 2024இல் உயர்நிலை ஒன்றுக்குப் போன பிள்ளைகளிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவே இல்லை. இத்தனையும் நடந்தும் டியூஷன் செலவு என்ன ஆயிற்று? குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி 2017-18இல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் டியூஷனுக்குச் செலவழித்தது வருடத்துக்கு 1.4 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2023இல் அது 1.8 பில்லியன். தேர்வு குறைந்தது, செலவு ஏறியது. பள்ளி எடுத்துவிட்ட தேர்வை வீட்டில் நடத்திக்கொண்டிருக்கிறோம். அரையாண்டுத் தாள் இல்லையே என்று போன வருடத் தாள்களை ஆன்லைனில் வாங்கி, ஜூன் விடுமுறையில் கடிகாரம் வைத்து எழுத வைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு இது எப்படிப் போய்ச் சேருகிறது என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. ஓஇசிடி என்ற பொருளாதார நாடுகள் அமைப்பு பல நாட்டு மாணவர்களிடம் நடத்தும் பீசா ஆய்வில், 2015இல் 15 வயது மாணவர்களிடம், நன்றாகத் தயார் செய்திருந்தாலும் தேர்வென்றால் மிகவும் பதற்றமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். இங்கே 76 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். ஓஇசிடி நாடுகளின் சராசரி 55. கணக்கில் உலகத்திலேயே முதல் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் சொன்ன பதில் இது.

சரி, வீட்டுப்பாடத்துக்கு வருவோம். சாப்பாட்டு மேசையில் நடக்கும் அந்தக் கணக்குச் சண்டை தெரியாத வீடு இங்கே இருக்கிறதா? தொடக்கநிலை ஐந்துக்கு வரும் பின்னக் கணக்கு. எண்பதுகளில் இங்கேயே உருவாக்கிய முறைப்படி, கட்டம் கட்டமாக ‘மாடல்’ வரைந்து போட வேண்டும். தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்த அப்பாவுக்கு அதைப் பார்த்தால் பொறுமை இருக்காது. “எக்ஸ்னு வெச்சுக்கோ, ரெண்டு வரில முடிஞ்சுது.” பிள்ளை சொல்லும்: “எங்க டீச்சர் அப்படிச் சொல்லித் தரல.” அப்பாவுக்கு அது மரியாதைப் பிரச்சினையாகிவிடும். இன்ஜினியர் ஆயிற்றே. பிறகு குரல் உயரும், அம்மா நடுவில் வருவார், ரப்பர் பறக்கும். மறுநாள் மத்தியானம் அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து அதே கணக்கை மாடல் போட்டு ஐந்து நிமிடத்தில் முடிக்கும்.

அமெரிக்காவில் எரின் மலோனியும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த மேசையைப் பற்றித்தான் பேசுகிறது. முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஒரு பள்ளியாண்டு முழுக்கக் கவனித்தார்கள். கணக்கென்றாலே கலங்கும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டு கற்றுக்கொண்ட கணக்கு குறைவு, ஆண்டு முடிவில் பயம் அதிகம். அதே பயம் உள்ள பெற்றோர் அதிகம் தலையிடாத வீடுகளில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. உதவாமல் இருப்பதும் ஓர் உதவி என்று பெற்றோரிடம் சொல்ல இனி ஒரு ஆதாரம் இருக்கிறது.

வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில் நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் 2009இல் ஐம்பது ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உயர்நிலையின் தொடக்க வயதுப் பிள்ளைகள். பெற்றோர் செய்யும் பலவிதமான ஈடுபாடுகளில் படிப்போடு வலுவாகச் சேர்ந்து போனது, படிப்பு எதற்கு, இதை வைத்து என்ன செய்யப் போகிறாய், உன்னிடம் நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று பேசும் பேச்சு. வீட்டுப்பாடத்தில் கூட உட்கார்ந்து உதவுவதற்கு அப்படி எந்த நல்ல தொடர்பும் தெரியவில்லை. தடுமாறும் பிள்ளைக்குத்தான் பெற்றோர் அதிகம் உதவுவார்கள், அதனால் கணக்கு அப்படி விழுகிறது என்றும் வாதாடலாம், அதில் நியாயம் உண்டு. ஆனாலும் இரவு ஒன்பதரைக்கு இருவரும் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஆதரவாக அதில் ஒன்றும் கிடையாது.

“பேசுறோமே டீச்சர், வீட்டுக்குப் போற வழியெல்லாம் பேசிக்கிட்டுத்தான் போறோம்” என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். உண்மைதான். நானும் கேட்டிருக்கிறேன். பாட்டில் எடுத்தியா, ஜாக்கெட் எங்கே, ஏன் இப்படி நடக்கறே, சீக்கிரம் வா, நாளைக்கு பிஇ (உடற்கல்வி) இருக்கா. சொற்கள் நிறைய இருந்தன. பிள்ளைக்கு வேலை “ம்” மட்டும்.

குழந்தைகள் காதில் எத்தனை சொல் விழுகிறது என்பதைப் பற்றி ஒரு காலத்தில் பெரிய பேச்சாக இருந்தது. கேன்சஸில் 42 குடும்பங்களை வைத்து ஹார்ட், ரிஸ்லி இருவரும் 1995இல் சொன்ன ‘மூன்று கோடிச் சொல் இடைவெளி’ உலகம் முழுக்கச் சுற்றியது: வசதியான வீட்டுக் குழந்தைக்கும் ஏழை வீட்டுக் குழந்தைக்கும் இடையே அவ்வளவு வித்தியாசம் என்று. அந்தக் கணக்கு சரிதானா என்று பின்னால் பலர் கேள்வி எழுப்பினார்கள். எண்ணிக்கையைவிட எனக்கு நம்பிக்கை தருவது 2018இல் எம்ஐடியிலிருந்து வந்த ரோமியோ குழுவின் ஆய்வு. நான்கிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகள் வீட்டில் பேசுவதைப் பதிவு செய்தார்கள், பிறகு கதை கேட்கும்போது அவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். பெரியவர் ஒன்று சொல்ல, குழந்தை பதில் சொல்ல, மறுபடி பெரியவர் அதைப் பிடித்துக்கொள்ள, இப்படி மாறி மாறி நடந்த பேச்சு எவ்வளவு அதிகமோ, மொழியைக் கையாளும் பகுதி அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தது. காதில் விழுந்த மொத்தச் சொற்கள், பெற்றோர் வருமானம் இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்தத் தொடர்பு இருந்தது.

இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் இதைச் செய்ய முடியாது. ஒருத்தி பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவன் “டீச்சர் இவன் என்னை இடிச்சான்” என்று வந்து நிற்பான். கதையின் ஆரம்பத்தைத்தான் நாங்கள் கேட்கிறோம். முடிவை யாரும் கேட்பதில்லை.

இதில் பாட்டிகளைச் சொல்லாமல் விட்டால் பாவம். அழைத்துப்போக வரும் ஆட்களில் வேறு மாதிரிக் கேள்வி கேட்பவர்கள் அவர்கள்தான். “என்ன சாப்பிட்ட?” “மூஞ்சி ஏன் வாடிக் கிடக்கு?” “யார் அடிச்சா, சொல்லு.” ஸ்பெல்லிங் என்ற ஒன்று இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் கண்டுகொள்வதில்லை. பெற்றோருக்கு அருகில் வீடு வாங்குபவர்களுக்கு அரசாங்கம் 2015 முதல் மானியம் கொடுக்கிறது; இப்போதைய விதிப்படி நான்கு கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும். மக்கள்தொகைக் கணக்கு போடுபவர்கள் அதை எப்படிப் பார்ப்பார்களோ, எனக்கு அது அந்தக் கேள்விகளுக்குக் கொடுக்கும் மானியம்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, பெற்றோர் சண்டை, மனநோய் என்று பல பாரங்களோடு வளர்ந்த பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர், யாரும் எதிர்பாராதபடி, திறமையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, சிறு வயதில் நிலையாகப் பாசம் காட்டிய குறைந்தது ஒரு பெரியவர். பல நேரம் அது தாயோ தந்தையோ அல்ல. தாத்தா, பாட்டி, அத்தை, சித்தி. ‘குடும்பம்’ என்று இங்கே படிவங்களில் நாம் நிரப்பும் நான்கு வரிக்குள் இவர்களில் பலர் வர மாட்டார்கள்.

ஆனால் நம் வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாட்டி தமிழில் கேட்பார், பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்லும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழ் 2.5. சின்னப் பிள்ளையாக இருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. பசிக்குது, வலிக்குது, வேணும், வேணாம் என்பதற்கு வேண்டிய தமிழ் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. பத்து வயதுக்கு மேல், நண்பர்கள் தன்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள், அதனால் ரீசஸில் தனியாகச் சாப்பிடுகிறேன் என்பதைச் சொல்லத் தமிழ் போதாது. பாட்டியின் ஆங்கிலமும் போதாது. கேட்க ஆசைப்படும் ஒரே பெரியவரிடம் சொல்ல முடியாமல் போகிறது.

இதற்கு நாம் கண்டுபிடித்த மருந்து இன்னும் மோசம். “பாட்டிகிட்டத் தமிழ்ல பேசு, ஓரல்ல மார்க் வரும்” என்று ஒரு அப்பா என் எதிரிலேயே மகளிடம் சொன்னார். ஆகஸ்டில் பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வு. அந்தப் பாட்டியும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வாங்க, போங்க என்று சுத்தமாகப் பேசப் பயிற்சி கொடுக்கும் கருவியாக அவரை ஆக்கியாயிற்று. அந்தப் பெண் அப்புறம் கொஞ்ச நாளைக்குப் பாட்டியிடம் பாடப்புத்தகத் தமிழில் பேசியது. பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார் என்று அதுவே வந்து சொன்னது, ஆங்கிலத்தில்.

பாட்டிகளையும் ரொம்பத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குச் சோறு ஊட்ட போனைப் பால் டப்பாவில் சாய்த்து வைக்கும் கலையில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. இங்கே கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 2009இல் தொடங்கிய குஸ்டோ என்ற நீண்டகால ஆய்வு, சீன, மலாய், இந்தியத் தாய்மார்களையும் அவர்களின் குழந்தைகளையும் கருவிலிருந்தே தொடர்ந்து வருகிறது. அதிலிருந்து 2023இல் வந்த ஒரு முடிவு: ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்த குழந்தைகளிடம் ஒன்றரை வயதில் மூளை அலைகளில் வித்தியாசம் தெரிந்தது, ஒன்பது வயதில் கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் சற்றுக் குறைவாக இருந்தது. திரைதான் காரணம், வீட்டுச் சூழல் அல்ல என்று அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆலோசனையில் ஒன்றரை வயது வரை வீடியோ அழைப்பு தவிர வேறு திரை வேண்டாம் என்கிறது. சென்னையில் இருக்கும் தாத்தாவோடு வாட்ஸ்அப்பில் பேசுவதற்குத் தடை இல்லை என்பதைச் சில அம்மாக்களுக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அது பேச்சு, கார்ட்டூன் அல்ல.

யாரும் பேசாத ஒன்று பணிப்பெண்கள். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த ஒரு பெண், ஒப்பந்தம் முடிந்து ஜாவாவில் உள்ள தன் ஊருக்கோ மியன்மாருக்கோ திரும்பிப் போகிறார். வீட்டில் அடுத்த ஆள் எப்போது வருவார், ஏஜென்சிக்கு எவ்வளவு என்பதுதான் பேச்சு. பிள்ளைக்கோ தன்னை உலகத்தில் நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பேரில் ஒருவர் போய்விட்டார். எங்களிடம் வரும் ஒரு பையன் திடீரென்று மற்றவர்களைக் கடிக்க ஆரம்பித்தான். ஏழு வயது, கடிக்கும் வயதல்ல. விசாரித்ததில், ‘காக்கா’ (மலாயில் அக்கா, பணிப்பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவான்) ஊருக்குப் போய் இரண்டு வாரமாகிறது என்று தெரிந்தது. அம்மாவுக்கு நாங்கள் சொல்லும்வரை இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கால் போட்டுக் கொடுத்தார். கடிப்பது நின்றது உடனே அல்ல, ஆனால் நின்றது. பணிப்பெண் வைப்பதைக் குறை சொல்லவில்லை. இருவரும் வேலைக்குப் போகாமல் இந்த ஊரில் எத்தனை குடும்பம் தாக்குப்பிடிக்கும்? போகிறவரைப் பற்றிப் பிள்ளையிடம் முன்கூட்டியே பேசுங்கள், விடைபெற விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது என் கட்சிக்கே எதிராக ஒன்று சொல்ல வேண்டும். பேசுங்கள், கேளுங்கள் என்று எழுதுவது எளிது. பேச நேரம் வேண்டும், நேரத்துக்குக் காசு வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் பாதுகாவலராக இருக்கும் ஒருவர் வாரத்தில் பல நாள் மகனை விழித்த நிலையில் பார்ப்பதே அரிது. ஓரறை, ஈரறை வாடகை வீட்டில் ஐந்து பேர் இருந்தால், ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து ‘என்ன ஆச்சு’ என்று கேட்க மூலை கிடையாது. குடும்பத்தின் தன்மை என்று ஆய்வாளர்கள் பட்டியல் போடும் வருமானம், பெற்றோர் படிப்பு, வீட்டின் நெரிசல், தாயின் மனநிலை எல்லாம் பிள்ளைமேல் போய் விழுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்: பெரியவருக்கு மிச்சம் இருக்கும் தெம்பு வழியாக. கருவுற்ற காலத்தில் தாய்க்கு இருக்கும் மனச்சோர்வு பிள்ளையின் மூளை வளர்ச்சியோடு தொடர்புடையதாக இருக்கிறது என்று அதே குஸ்டோ ஆய்வு சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அந்தத் தாயைக் குற்றம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு யார் துணை இருந்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

அதனால்தான் எனக்குக் கிட்ஸ்டார்ட் திட்டம் பிடிக்கும். 2016இல் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, கருவுற்ற காலத்திலிருந்தே, வீட்டுக்கே ஆள் வந்து குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது, பால், தூக்கம் என்று கூட இருந்து காட்டுகிறார்கள். நம் சமூகத்தில், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா 1991இல் தொடங்கியதே இந்திய மாணவர்களின் படிப்பு பின்தங்கிய கவலையில்தான். ஒவ்வொரு மாதமும் நம் சம்பளத்தில் பிடிக்கும் வெள்ளிகள் அங்கேதான் போகின்றன. பல வீடுகளில் சிண்டா என்றால் மலிவு டியூஷன் என்றே நினைக்கிறார்கள். குடும்பங்களுக்கான சேவைகளும் அங்கே உண்டு. அதைக் கேட்டுப் போக நம்மவர்களுக்குக் கூச்சம். டியூஷனுக்குப் போனால் கௌரவம், குடும்பச் சேவை நிலையத்துக்குப் போனால் பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்ற கவலை.

அந்தப் பாதுகாவலரைப் பற்றி இன்னும் கொஞ்சம். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் தூங்கி, சில நாள் மத்தியானமே வந்து மகனைக் கூட்டிப்போவார். பள்ளிப்பையைத் தொடவே மாட்டார். வேலை பார்க்கும் கட்டடத்தில் முந்தின இரவு நடந்ததைச் சொல்வார்: பூனை ஒன்று லிஃப்டில் ஏறி பதினொன்றாம் மாடிக்குப் போன கதை, சாவியைத் தொலைத்த ஒருவர் விடிய விடிய அவரோடு உட்கார்ந்து பேசிய கதை. மகன் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பான். கேட்டுக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை போவார்கள். அந்தப் பையன் வகுப்பில் முதலாவது ஒன்றும் கிடையாது. எங்கள் நிலையத்தில் ஒரு விஷயத்தை ஆரம்பித்து, நடுவில் விட்டுவிடாமல் முடிவுவரை சொல்லத் தெரிந்த பிள்ளைகளில் அவன் ஒருவன். கட்டுரைப் பயிற்சிக்கு மாதம் முந்நூறு வெள்ளி கட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வரவில்லை.

வீட்டுச் சண்டைகளைப் பற்றி ஒரு பத்தி. நாலறை வீட்டின் சுவர்கள் எவ்வளவு தடிமன் என்று எல்லாருக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று சண்டை போட்டால் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு: மறுநாள் எங்களுக்கே தெரிந்துவிடுகிறது. மார்க் கம்மிங்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பெரியவர்கள் சண்டையைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று நீண்ட காலம் ஆராய்ந்தவர். சண்டை தீர்ந்ததைப் பிள்ளை பார்த்துவிட்டால் அதன் கலக்கம் வெகுவாகக் குறைகிறது என்பது அவர் கண்டதில் ஒன்று. நம் வழக்கம் நேர் எதிர். சண்டை ஹாலில் நடக்கும், சமாதானம் பிள்ளை தூங்கிய பிறகு ரகசியமாக நடக்கும். காலையில் அம்மா ஒன்றும் நடக்காதது மாதிரி இட்லி வைப்பார். பிள்ளைக்கு அது முடிந்ததா, இன்று மாலை தொடருமா என்று தெரியாது. “நேத்து கோபத்துல பேசிட்டேன், அப்பாகிட்ட சாரி சொல்லிட்டேன்” என்று பிள்ளை எதிரில் ஒரு வாக்கியம் சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

கடைசியாக அப்பாக்கள். என் கணக்கில் கதவைத் தட்டுபவர்களில் பெரும்பாலோர் இன்னமும் அம்மாக்கள்தான், ஆனால் அப்பாக்கள் முன்பைவிட அதிகம் வருகிறார்கள், அதைச் சொல்ல வேண்டும். சட்டமும் அந்தப் பக்கம் நகர்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து தந்தையர் விடுப்பு நான்கு வாரம், முதலாளி மறுக்க முடியாது. பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் புதிய விடுப்பு முதலில் ஆறு வாரமாக வந்தது, 2026 ஏப்ரலிலிருந்து பத்து வாரம். இதெல்லாம் குழந்தை பிறந்த முதல் வருடத்துக்கு. ஏழு வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் வருடத்துக்கு ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு. ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரை? இரண்டு நாள். எங்கள் நிலையத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் அந்த இரண்டு நாள் வயதுக்காரர்கள்தான்.

அந்த இரண்டு நாளைப் பெற்றோர் எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் போய்விடும். வராவிட்டால் பொத்திப் பொத்தி வைத்து செப்டம்பர் கடைசியில், பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வு வாரத்தில் எடுப்பார்கள், ஆண்டு விடுப்பிலிருந்தும் சில நாளைச் சேர்த்து. அந்த வாரத்தில் அம்மா வீட்டில் இருந்தால் பிள்ளைக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. படிக்க வேண்டியதைப் படித்தாயிற்று, பாக்கி இருப்பது தூக்கம்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் பதறிப்போன ஒரு பெரியவரும் பகல் முழுக்க ஒரே வீட்டில் அடைந்து கிடப்பதற்குப் பெயர் ஆதரவா?

என்னிடம் யோசனை கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது, அந்த நாளை மார்ச் விடுமுறையில் எடுங்கள். பள்ளி இல்லை, தேர்வு இல்லை, கேட்பதற்கு மார்க் எதுவும் இருக்காது. ஒரு பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போங்கள், இல்லை பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை சும்மா போய்விட்டு வாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள். போன மார்ச்சில் ஒரு அப்பா கேட்டார்: “போயிட்டு என்ன டீச்சர் பேசறது?” அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நீங்கள் தொடக்கநிலை ஐந்தில் இருந்தபோது உங்களை யார் அடித்தார்கள், யாரை நீங்கள் அடித்தீர்கள், அதிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன்.